ஒத்தடம் அக்காவும் மனப்பாரப் பெட்டியும்

மனிதர்களில் ஆறுதல்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. அழுகிறவருக்கு ஆறுதல் சொல்வது யாரும் செய்யக்கூடியது. இந்த இனம் அதோடு நிற்காது. தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறவர் பக்கத்தில் போய் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைப் பாதியாக இறக்கி, "என்ன, முகமே சரியில்லையே" என்று கேட்டு, அவர் "ஒண்ணுமில்லையே" என்றால் "அந்த ஒண்ணுமில்லைலதான் எல்லாம் இருக்கு" என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி, கடைசியில் அவரை அழவைத்து, அதற்கப்புறம் ஆறுதல் சொல்லும். அழுகை வந்ததும் இவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள். கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் முகத்தில்கூட அப்படி வராது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வாய் திறப்பதற்கு முன்னால் கை உங்கள் தோளுக்கு வந்துவிடும். பையில் இரண்டு கைக்குட்டை இருக்கும். ஒன்று தனக்கு, ஒன்று உங்களுக்கு. கையிருப்பில் ஐந்து வசனங்கள். "எல்லாம் சரியாயிடும்." "மனசைத் தளரவிடாதே." "எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்." "நான் இருக்கேன்ல." ஐந்தாவதுதான் ராஜா: "இதெல்லாம் ஒரு கஷ்டமா, எனக்கு வந்ததைக் கேளு." இந்த ஐந்தாவது வந்துவிட்டால் தப்பிக்க வழியில்லை. பத்து நிமிஷம் கழித்து, கஷ்டப்பட்டவர் கைக்குட்டையை நீட்டிக்கொண்டிருப்பார், ஆறுதல்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்.

இந்த இனத்தில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சாப்பிடுவதும் தூங்குவதும் என் வீட்டில்தான். ஐந்தாம் வகுப்புக்குமேல் படிக்காதவள். காலையில் கண் விழித்ததும் ஆண்டவனோடு அரை மணி நேரம் பேசாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவள். பெயர் வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு முன்னால் "அக்கா" என்பார்கள். அவள் நகர்ந்ததும் "ஒத்தடம்" என்பார்கள். யாரைப் பார்த்தாலும் சுடச்சுட ஆறுதலை வைத்து அழுத்துகிறாள் அல்லவா, அதனால்.

வேலை, பெரிய சலவைக் கூடத்தில். நாலு ஆஸ்பத்திரி, ஆறு ஓட்டல், இவற்றின் அழுக்கெல்லாம் வேனில் வந்து இறங்கும். வெளுத்துக் காய்ந்து தேய்த்து மடித்துத் திரும்பிப் போகும். அக்கா மடிப்புப் பகுதிக்குப் பொறுப்பு. ஆறுதல்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையைப் படைத்தவனால்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஏனென்றால், இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். முதல் மடிப்புக்கு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். இரண்டாவது மடிப்புக்கு இன்னும் கிட்டே. மூன்றாவது மடிப்பில் இரண்டு மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கும். எதிராளியின் இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்கும். ஓட முடியுமா? அங்கேதான் அக்கா கேட்பாள்.

"ஏம்மா, கண்ணு உள்ளே போயிருக்கே. ராத்திரி சரியா தூங்கலையா?"

ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று தொழிலாளர்களின் மனசு ஞாபகம் வந்தது. ஒரு அம்மா கோப்போடு வந்தார். ஷிப்டை நிறுத்தாமல் முடிந்தவர்களை மட்டும் கூட்டி, ஊழியர் மனநலம் எவ்வளவு முக்கியம் என்று அரை மணி நேரம் சொன்னார். "எல்லாரும் கண்ணை மூடி, ஆழமா மூச்சை இழுங்க" என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்தது பிளீச்சிங் டிரம் அடுக்கிய அறை. நாற்பது பேரும் சொன்னபடி இழுத்தோம். அப்புறம் கால் மணி நேரம் இருமினோம். மனம் லேசானதோ இல்லையோ, மூக்கு திறந்துவிட்டது.

போகும்போது அந்த அம்மா ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினார்கள். பூட்டு, மேலே ஒரு வாய், முன்னால் எழுத்து: "மனப்பாரப் பெட்டி. உங்கள் மனதை அழுத்துவதை எழுதிப் போடுங்கள்."

சாவி யாரிடம் இருப்பது என்று மேனேஜர் கேட்டார். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

மேனேஜர் வயதில் சின்னவர், நல்லவர். ஆனால் ஒரு பிரச்சினை கைக்கு வந்தால், சூடான பாத்திரத்தைப் பிடித்தவர்போல உடனே யார் கையிலாவது கொடுத்துவிடத் தேடுவார். அக்கா கையில் சாவியை வைத்து, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை திறந்து பாருங்கக்கா. என்ன இருக்குன்னு எனக்கு வந்து சொல்லிடுங்க" என்றார்.

அவர் சொன்னதைத் தெளிவாகத்தான் சொன்னார். அக்காவுக்குக் காதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து சீட்டுகளைக் கையில் எடுத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை பேரின் பாரம். அதைக் கொண்டுபோய், மூன்று செல்போன் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கிற இந்தத் தம்பியின் மேஜையில் போடுவதா? அவருக்கே கழுத்து வலி. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறாரே, நேரே அங்கேயே போய்விட்டால் என்ன?

போய்விட்டாள்.

சீட்டுகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தான் உட்கார்ந்து வேண்டுகிற மூலையில், சுத்தமான துணியில் பொதிந்து வைத்தாள். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்து, கண்ணீர் விட்டு, ஆண்டவனிடம் ஒப்படைத்தாள். "இஸ்திரி அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. தலை சுற்றுகிறது" என்று ஒரு சீட்டு. ஆண்டவனே, இந்தப் பிள்ளையின் தலைச்சுற்றலை எடுத்துப் போடும். "சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைகிறார்" என்று ஒரு சீட்டு. ஆண்டவனே, அவர் இருதயத்தை இளகச் செய்யும். "பெண்கள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை." இதற்கு என்ன கேட்பது என்று அக்காவுக்கே கொஞ்சம் குழப்பம். யோசித்து, ஆண்டவனே, எல்லாருக்கும் பாதுகாப்புக் கொடும் என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டாள்.

மேனேஜர் எதிரே வரும்போதெல்லாம் நடந்துகொண்டே கேட்பார்.

"பெட்டி எப்படிக்கா போகுது?"

"நல்லா போகுது தம்பி. எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவருக்கு அது போதும். "நிலைமை திருப்தி" என்று மேலே எழுதி அனுப்பினார். மேலே இருப்பவர்களுக்கும் அது போதும். ஒரு குறையும் மேலே போகாத இடத்தில் குறையே இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்தச் சீட்டுகளில் ஒன்று, கோடு போட்ட தாளில், திருத்தமான கையெழுத்தில் இருந்தது. "எனக்குக் காலை ஷிப்டு வேண்டாம், மதிய ஷிப்டு கொடுத்தால் போதும். அப்பாவுக்கு நினைவு தவறிப்போகிறது. ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். நான்தான் விழித்திருக்கிறேன். பகலில் அண்ணி பார்த்துக்கொள்வாள். மதிய ஷிப்டு என்றால் காலையில் தூங்கிக்கொள்வேன். நான் தூங்கி நாற்பது நாள் ஆகிறது. சூட்டுப் பக்கத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது." பெயர் இல்லை. பெயர் எதற்கு? மூன்றாவது மடிப்பில் எல்லார் வீட்டுக் கதையும் கேட்டவளுக்கு, இது இஸ்திரிக்காரப் பெண் என்று தெரியாதா?

அடுத்த வாரம் அதே கையெழுத்தில் இன்னொரு சீட்டு. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. அக்கா அந்தப் பெண்ணுக்காக வேண்டுகிற நேரத்தைக் கால் மணியிலிருந்து அரை மணி ஆக்கினாள். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டதாக அவளுக்கு ஒரு நிறைவு.

பதினோரு மணிக்குமேல் டாக்டர் கோட்டுகள் வருவது குறையும். அப்போது இஸ்திரிக்காரப் பெண்ணை மடிப்புக்கு அனுப்புவார்கள். ஒருநாள் விரிப்பின் அந்தப் பக்கம் அவள். மூன்றாவது மடிப்பில் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அக்கா, பெட்டியில எழுதிப் போட்டேனே, என்ன ஆச்சு?"

"படிச்சேன்மா. தினமும் உனக்காக வேண்டிக்கிறேன். நேத்துகூட அழுதுட்டேன்."

"அது சரிக்கா. மேனேஜர் என்ன சொன்னார்?"

இங்கே ஒரு நொடி இருந்தது. அக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கை தானாக எழுந்து அந்தப் பெண்ணின் தோளுக்குப் போனது. விரிப்பின் முனை கீழே விழுந்தது.

"முதல்ல நீ மனசைத் தளரவிடாதே. தூக்கமில்லைன்னு சொல்றியே, எனக்குப் பித்தப்பையில கல்லு வந்தப்போ எத்தனை ராத்திரி தூங்கலை தெரியுமா?"

"ரெண்டு மாசம்க்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரமும் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்." அவள் குனிந்து முனையை எடுத்து உதறினாள். "இதை மறுபடியும் துவைக்கப் போடணும்க்கா. தரையில பட்டுடுச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடம் முழுக்கத் தீய்ந்த நாற்றம். இஸ்திரிக்காரப் பெண் நின்றபடியே தூங்கிவிட்டாள். டாக்டர் கோட்டு ஒன்றின் முதுகில் இஸ்திரிப் பெட்டி பொசுக்கிய தடம், பழுப்பு நிறத்தில் முக்கோணமாகப் பதிந்திருந்தது. சூப்பர்வைசர் பிளக்கைப் பிடுங்கி, தன் இருதயம் இன்னும் இளகவில்லை என்பதைக் கூடத்துக்கே கேட்கும்படி தெரிவித்தார். அந்தப் பெண் ஏப்ரனைக் கழற்றி, பழக்க தோஷத்தில் நாலாக மடித்து மேஜையில் வைத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

அக்கா பின்னாலேயே ஓடினாள். கைக்குட்டை ரெடி.

"அழாதேம்மா, எல்லாம் சரி…"

"நான் அழலைக்கா" என்றாள் அவள், திரும்பாமல்.

உள்ளே போய் அட்டையை மேஜைமேல் வைத்தாள். "சார், நாளையிலருந்து வரலை. இந்த வேலையை விட்டா எனக்கு வேற வழியில்லை, தெரியும். ஆனா இன்னைக்குக் கோட்டு. நாளைக்குக் கையோ, பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சியோ, தெரியாது."

"ஏம்மா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவை எழுதிப் போட்டேன் சார்."

மேனேஜர் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். கழுத்து வலிக்காரர், அதனால் உடம்போடு திரும்பினார்.

"அக்கா, பெட்டியில எதுவும் இல்லைன்னு சொன்னீங்க."

"இல்லைன்னு சொல்லலை தம்பி. பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்."

"சீட்டெல்லாம் எங்கே?"

"வீட்டுல. சுத்தமான துணியில வச்சிருக்கேன். ஒண்ணுகூடக் கசங்கலை."

"வீட்டுல வச்சு என்னக்கா பண்றீங்க?"

அக்கா சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது. மேனேஜர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவரை மன்னித்து ஆறுதல் அடைந்திருப்பாள். இஸ்திரிக்காரப் பெண் மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். ரொம்ப நேரம் வரிசையில் நின்ற பிறகு இது வேறு வரிசை என்று தெரிந்தவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

சீட்டுகளை எடுத்துவர அக்காவை வேனில் அனுப்பினார்கள். வழியெல்லாம் அக்கா வாயைத் திறக்கவில்லை. வேன் டிரைவருக்கு அதுவே அதிசயம்.

"அக்கா, நானும் ஒண்ணு போட்டேனே. வேன் பிரேக்கு சரியில்லைன்னு."

"அதுக்கும் வேண்டிக்கிட்டேன் தம்பி."

"அதான் இன்னும் யார் மேலயும் ஏத்தாம இருக்கேன் போல" என்றார் அவர். அடுத்த திருப்பத்தில் கொஞ்சம் முன்னாலேயே பிரேக்கை மிதித்து, "இருந்தாலும் ஒரு மெக்கானிக்கும் பாத்துட்டா ஆண்டவருக்கு வேலை மிச்சம்" என்றார்.

இதில் ஆண்டவனை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அவர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார். பெட்டியைக் கொடுக்க வைத்தார், எழுதத் தெரிந்தவர்களை எழுத வைத்தார், சாவியை ஒரு மனுஷி கையிலும் வைத்தார். பெட்டியிலிருந்து மேனேஜர் அறை எத்தனை அடி என்று அன்று அக்கா நடந்து பார்த்தாள். பதினேழு. வானத்து வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவளுக்குப் பதினேழு அடி நடக்கத் தோன்றவில்லை. நடந்தால் அந்தப் பாரம் அவள் கையைவிட்டுப் போய்விடுமே. ஊர்ப் பாரத்தையெல்லாம் தூக்குகிறவள் என்ற பெயர் என்ன ஆவது?

துணியைப் பிரித்தார்கள். அறுபத்திரண்டு சீட்டு. அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்க, மேனேஜர் குறித்துக்கொண்டார். எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார். உள்ளே ஒரு சின்ன வயர் விட்டுப்போயிருந்தது. சரி செய்ய எட்டு நிமிஷம். அதற்காக அக்கா முழங்கால் போட்டது ஐந்து வாரம். தாழ்ப்பாள் இன்னும் குறைந்த நேரத்தில் முடிந்தது. சூப்பர்வைசரை மேனேஜர் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தவர் அதற்கப்புறம் வைவதானால் தனியாகக் கூப்பிட்டு வைகிறார். அதுவும் முன்னேற்றம்தான்.

மிஞ்சியது கோடு போட்ட தாள். மேனேஜர் ஷிப்டு அட்டவணையை எடுத்து விரித்து, பென்சிலால் தலையைச் சொறிந்தார்.

"மதியத்துக்கு மாத்திடலாம்மா, அது பிரச்சினை இல்லை. காலையில ஆறு மணிக்கு இஸ்திரிக்கு யாரு? கோட்டு தேய்க்கத் தெரிஞ்ச கை வேணும். அந்தச் சூட்டுல நிக்க யாரும் ஒத்துக்கமாட்டாங்களே."

அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "எல்லாம் சரியாயிடும்." பதினெட்டு வருஷப் பழக்கம், சும்மா இருக்குமா? வாயைத் திறந்தும் விட்டாள். இஸ்திரிக்காரப் பெண் மேஜைமேல் இருந்த தன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் பஞ்சடைத்துப் போய், இமை பாதி இறங்கி, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி. அழவைத்துப் பார்க்க வேண்டிய முகமாக அது அக்காவுக்கு அன்று தெரியவில்லை. படுக்கப்போட வேண்டிய முகமாகத் தெரிந்தது.

"நான் நிக்கிறேன் தம்பி" என்றாள். "மடிப்புக்கு வர்றதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் தேய்ச்சவதான். கை மறந்திருக்காது."

"உங்களுக்கு முட்டி வலி இருக்கேக்கா."

"அது எனக்கும் முட்டிக்கும் உள்ள விஷயம். நீங்க எழுதுங்க."

அவர் எழுதினார். அட்டையை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அக்காவைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர்? ம்ஹூம்.

அன்றிலிருந்து அக்கா இஸ்திரி மேஜைக்கு முன்னால் தனியாக நிற்கிறாள். எதிரே சுவர். கோட்டுக்கு மனக்கவலை கிடையாது; இருந்தாலும் சொல்லாது. முதல் வாரம் ரொம்பச் சிரமப்பட்டாள், முட்டியால் பாதி, பேச ஆளில்லாமல் பாதி. பெட்டியின் சாவி இப்போதும் அவளிடம்தான். வெள்ளிக்கிழமை திறக்கிறாள், பதினேழு அடி நடந்து மேனேஜர் மேஜையில் வைக்கிறாள், அவர் படிக்கிறவரை நகர மாட்டேன் என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்து வேண்டிக்கொள்ளவும் செய்கிறாள். மேனேஜருக்காகத்தான் இப்போது அதிகம்.

மூன்று வாரம் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு, இஸ்திரிக்காரப் பெண் ஷிப்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு வெளுத்திருந்தது. நடையில் ஒரு துள்ளல்கூட இருந்ததாக அக்காவுக்குத் தோன்றியது. அக்காவின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"தூங்கினியாம்மா?"

"தூங்கினேன்க்கா. காலையில எட்டு மணிக்குப் படுத்தவ, பன்னெண்டரைக்கு அண்ணி எழுப்பினப்புறம்தான் எந்திரிச்சேன்."

"அப்பா?"

"அப்படியேதான் இருக்கார். நேத்து என்னைப் பாத்து, நீ யாரு, ரொம்ப நல்ல பொண்ணா இருக்கியேன்னார்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அக்கா காத்திருந்தாள். சிரிப்புக்குப் பின்னால் ஏதாவது வருமா என்று பார்த்தாள். கைக்குட்டைப் பக்கம் விரல்கூடப் போய்விட்டது. ஒன்றும் வரவில்லை.

"நகருங்கக்கா, கோட்டு குவிஞ்சு கிடக்கு. நீங்க போய்க் கொஞ்சம் காலை நீட்டி உக்காருங்க."

அக்கா நகர்ந்தாள். நன்றாயிருக்கிற ஒருத்தியிடம் அடுத்தபடியாக என்ன பேசுவது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பழகிக்கொண்டு வருகிறாள்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்களே, அதிலிருந்தே தெரிகிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் உங்களோடு வேலை செய்கிற ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னார். நீங்களும் எல்லா வேலையையும் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல வார்த்தையாக நாலு சொல்லி அனுப்பினீர்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உங்களுக்கு அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது.

நீங்கள் சொன்ன நாலு வார்த்தையும் உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அவர் கேட்டது என்ன?